இவ்விடம் க்ஷேமம்

ஒரு காரியம் நடந்தேறியது என்பது வேறு, நடந்தேறியதாக அறிவிப்பு வந்தது என்பது வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பேதத்தை உணராதவர் கையில் கூட்டுறவுச் சங்கமும் உருப்படாது, சர்வரும் உருப்படாது. எந்த வேலை எந்த நேரத்துக்குக் குறிக்கப்பட்டிருக்கிறது, எந்த சர்வீஸ் ஓடுகிறது, எது நின்று கிடக்கிறது என்பனவற்றையெல்லாம் டெர்மினலின் கறுப்புத் திரையில் கட்டளை தட்டிக் கேட்டறிவது, சர்வர் பராமரிப்பைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு நித்திய கருமமாகவே ஆகிவிட்டது. காலையில் லாகின் செய்தவுடன் ஒரு கட்டளை, பச்சை நிறத்தில் ஒரு விடை, அதன்பின் மனத்தில் ஒரு நிம்மதி. அந்த நிம்மதிக்கு ஆதாரம் எவ்வளவு, அதில் பிரமை எவ்வளவு என்று நிதானமாக எடைபோட்டுப் பார்ப்பது அவசியம்.

இவ்வழக்கம் பெருநகரங்களுக்கு மட்டும் உரியதன்று. சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில் திண்டிவனத்தைத் தாண்டி வரும் கூட்டேரிப்பட்டைப் பெரும்பாலோர் மயிலம் முருகன் கோவிலுக்குத் திரும்பும் இடமாகவும் வாரச்சந்தை கூடும் ஊராகவுமே அறிவர். ஆயினும் இந்த வட்டாரத்துக்கு லினக்ஸ் அந்நியமான விஷயமன்று. 2011ஆம் ஆண்டு தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் மாணவர் கைக்கு வந்த கணினிகளில், விண்டோஸுக்கு அருகில், சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் இருந்தது. பலர் அதைத் திறந்து பாராமலே விட்டனர் என்றாலும், திறந்து பார்த்த சிலருக்கு டெர்மினல் என்னும் வாசல் அங்கேதான் முதலில் தென்பட்டது. விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழுவினர் கிராமத்து மாணவருக்குக் கட்டற்ற மென்பொருளைத் தன்னார்வத்தோடு கற்பித்து வருகின்றனர். 2024 பிப்ரவரியில் வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் மினி டைடல் பூங்காவும் திறக்கப்பட்டது. ஆதலின், மும்பையிலுள்ள சர்வரின் க்ஷேமலாபங்களை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்துகொண்டு ஒருவர் விசாரிப்பது இனிமேல் அதிசயமாகாது.

டெர்மினலில் விசாரிக்கும் இவ்வழக்கத்தின் முதற் குணம் அதன் சிக்கனம். படங்களும் வரைகோடுகளும் நிறைந்த டேஷ்போர்டு ஒன்றைத் திறப்பதற்குள் சிக்னல் போய்விடும் இடத்திலும், எஸ்எஸ்ஹெச் வழியே செல்லும் சில வரி எழுத்துகள் போய்ச் சேர்ந்து விடையோடு திரும்பிவிடும். ஓடும் பேருந்தில் கைப்பேசியைக் கொண்டே ஒரு சர்வரின் நிலையைப் பார்த்துவிடலாம். இரண்டாவது, அதன் ஸ்பஷ்டம். எந்த மெனுவுக்குள் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று வர்ணித்துக் கொண்டிராமல், தட்டவேண்டிய வரியை அப்படியே தொலைபேசியில் சொல்லிவிடலாம். கேட்டவர் தட்டிய வரியும் வந்த விடையும் பிற்பாடு சான்றாக நிற்கும். மூன்றாவது, மனிதன் கேட்கும் அதே கேள்வியை இயந்திரமும் கேட்கலாம் என்பது. ஒரு சர்வீஸ் ஓடுகிறதா என்று சிஸ்டம்சிடிஎல் கட்டளையிடம் வினவினால், கண்ணுக்கு எழுத்தில் பதில் சொல்லும்போதே, ஓடினால் 0 என்றும், ஓடாமல் நின்றிருந்தால் 3 என்றும் ஓர் எண்ணை நிரல்களுக்கென்று விட்டுச் செல்கிறது. ஒரே விசாரணை இருவருக்கும் பயன்படும் இந்த ஏற்பாடு யூனிக்ஸ் மரபின் மேன்மைகளில் ஒன்று.

இம்மரபின் பழைய பணியாளன் கிரான். 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இடம்பெற்றது அது. நிமிஷத்துக்கு ஒருமுறை விழித்து, அட்டவணையைப் பார்த்து, நேரம் வந்த வேலையைத் தொடங்கிவைத்துவிட்டு மறுபடி உறங்கப் போவதே அதன் தொழில். பால் விக்சி 1987இல் எழுதி வெளியிட்ட வடிவமும் அதன் வழிவந்தவையும்தாம் இன்றைய லினக்ஸ் சர்வர்கள் பலவற்றில் நிலைத்திருக்கின்றன. நிமிஷம், மணி, தேதி, மாதம், கிழமை என்ற ஐந்து கட்டங்களையும் அவற்றின்பின் ஒரு கட்டளையையும் எழுதத் தெரிந்தவர் எவரும் அதை ஆளலாம்; நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அது அழியாமலிருப்பதற்கு அந்த எளிமையே காரணம்.

ஆனால் கிரானிடம் விசாரித்துச் செய்தி அறிய முற்படும்போது அந்த எளிமையே இடையூறாகிறது. கிரான்டேப் கட்டளையோடு எல் என்ற குறியைச் சேர்த்தால் பட்டியல் வரும். ஆனால் வருவது லாகின் செய்தவருடைய பட்டியல் மட்டுமே. ரூட்டின் பட்டியல் தனி, கணினி முழுமைக்குமான கோப்பு தனி, மென்பொருள்கள் தாமாகவே கொண்டுவந்து போடும் அட்டவணைகள் தனி. இத்தனையையும் தேடிக் கூட்டிப் பார்த்தால்தான் இன்றிரவு இந்தக் கணினி என்னென்ன செய்யப் போகிறது என்பது விளங்கும். அன்றியும், பட்டியலைத் திருத்துவதற்கு ஈ என்ற குறி, அடியோடு அழிப்பதற்கு ஆர் என்ற குறி. விசைப்பலகையில் இவ்விரண்டும் அடுத்தடுத்து இருப்பதும், அழிக்கும் கட்டளை சாதாரணமாக ஒரு வார்த்தைகூடத் திருப்பிக் கேளாமல் அழித்துவிடுவதும், இந்தக் கருவியை வகுத்தவர்கள் மனிதக் கைகளின் சபலத்தை அலட்சியம் செய்தார்கள் என்பதற்கு அத்தாட்சி. எல்லாவற்றுக்கும் மேலாக, குறித்த வேலை முடிந்ததா முறிந்ததா என்பதை அந்தப் பட்டியல் சொல்லவே சொல்லாது. அது வருங்காலச் சங்கற்பத்தின் பதிவேயன்றி, கடந்தகாலச் சரித்திரமன்று. வேலை ஏதேனும் முணுமுணுத்தால் அதைக் கிரான் மின்னஞ்சலில் அனுப்பப் பார்க்கும். அனுப்புவதற்கு வேண்டிய மென்பொருள் கணினியில் இல்லையென்றால், அந்த முணுமுணுப்பு கேட்பாரற்றுப் போய்விடும்.

இக்குறைகளில் பெரும்பாலானவற்றுக்கு மருந்தாக வந்தது சிஸ்டம்டி. 2010இல் லென்னார்ட் போட்டரிங், கே சீவர்ஸ் ஆகியோரால் தொடங்கப்பெற்று, 2015இல் டெபியன் எட்டாம் பதிப்பிலும் உபுண்டுவின் அவ்வாண்டு ஏப்ரல் பதிப்பிலும் இயல்பு ஏற்பாடாக அமர்ந்துவிட்ட இந்த அமைப்பின்மீது, ஒன்றே எல்லாவற்றையும் விழுங்குகிறது என்ற கண்டனம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. எனினும், விசாரிப்பவனுக்கு அது செய்த உபகாரத்தை மறுக்க இயலாது. டைமர்களைப் பட்டியலிடச் சொன்னால், ஒவ்வொன்றும் அடுத்து எப்போது ஓடும், அதற்கு இன்னும் எவ்வளவு நேரம், கடைசியாக எப்போது ஓடியது, ஓடி எவ்வளவு நேரமாயிற்று, எந்த சர்வீஸைத் தட்டியெழுப்பும் என்று வரிசையாகச் சொல்கிறது.

ஓடவேண்டிய நேரத்தில் கணினி அணைந்திருந்தால், மறுபடி உயிர் வந்ததும் தவறிய வேலையை நினைவாகச் செய்யும் வசதியும் டைமரில் உண்டு. வெறும் கிரானோ தவறியதைத் தவறியதாகவே விட்டுவிடும். இதன் அருமையை விழுப்புரம் பக்கத்தாருக்கு விளக்கவேண்டியதில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை பெய்தது. அத்தகைய இரவில், அலுவலக மூலையில் வைத்திருக்கும் சர்வரொன்று மின்சாரம் போய் அணையுமானால், இரவு இரண்டு மணிக்கென்று குறித்த பேக்கப் அன்று எடுக்கப்பெறாது. அந்த நள்ளிரவு வந்து போனதே கிரானுக்குத் தெரியாது.

நேரத்தைப் பற்றிய இன்னொரு விபரீதமும் இங்கே சொல்லத்தக்கது. வாடகைக்கு எடுக்கும் கிளவுட் சர்வர்கள் பெரும்பாலும் நம் நாட்டு நேரத்தைப் பின்பற்றாமல் யுடிசி நேரத்திலேயே ஓடுகின்றன. திண்டிவனத்தில் ஒரு பால் சங்கத்தின் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர், நள்ளிரவுக்குப் பின் எல்லாரும் உறங்கும் வேளையில் கனமான வேலை ஓடட்டும் என்று கருதி, அட்டவணையில் 0 2 * * * என்று எழுதிவைத்தால், அது நம் கடிகாரத்தில் காலை ஏழரை மணிக்குத்தான் தொடங்கும். பால் சங்கத்தில் கணக்குப் பதிவு மும்முரமாக நடக்கும் நேரம் அது. அட்டவணையைத் திரும்பத் திரும்பப் படித்தாலும் பிழை கண்ணில் படாது, ஏனெனில் எழுதியது எழுதியபடியே இருக்கிறது. டைமர் பட்டியலோ, இன்னும் இத்தனை மணி இத்தனை நிமிஷம் என்று மிச்ச நேரத்தைக் காட்டுவதால், எந்த தேசத்து நேரமாயினும் ஏமாற்ற வழியில்லை.

இனி, சர்வீஸ் ஒன்றின் நிலையைக் கேட்டால் வரும் விடையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். பெயருக்குமுன் ஒரு பச்சைப் புள்ளி, ஆக்டிவ், அடைப்புக்குறிக்குள் ரன்னிங் என்ற சொற்கள், எந்த நாளிலிருந்து, எத்தனை நேரமாக என்ற விவரம், புரொசஸின் எண், பிடித்திருக்கும் மெமரியின் அளவு, அடியில் லாக் பதிவின் கடைசிப் பத்து வரிகள். இவ்வளவு சுருக்கமாக இவ்வளவு செய்தி வேறெங்கும் கிடைப்பதரிது. ஆனால் அந்தக் காலத்துக் கடிதங்களில், வீட்டில் எத்தனை இடர் இருந்தாலும், இவ்விடம் யாவரும் க்ஷேமம் என்ற முதல் வரி மாறாமல் இருந்ததுபோல, இந்தப் பச்சைப் புள்ளியும் ஒரு சம்பிரதாயத்தின்பாற்பட்டது. புரொசஸ் உயிரோடிருக்கிறது என்பதற்குமேல் அது எதற்கும் உத்தரவாதம் தருவதில்லை. என்ஜின்எக்ஸ் பச்சையாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதன் பின்னாலுள்ள நிரல் செத்துக் கிடந்து, வருபவர்க்கெல்லாம் 502 என்ற பிழைப்பக்கமே கிட்டலாம். நேர்மாறான கோலமும் உண்டு: ஒருமுறை ஓடி முடியும் வகையைச் சேர்ந்த சர்வீஸ் தன் கடமையைச் செவ்வனே முடித்தபின், இன்ஆக்டிவ், டெட் என்றே காட்டப்பெறுகிறது, புதிதாகக் கற்பவர் அதைக் கண்டு பதறுவதில் வியப்பில்லை.

இவற்றினும் நுட்பமான அபாயம் ஒன்று. டேட்டாபேஸை எடுத்து, அதை ஜிஜிப் கட்டளைக்குக் குழாய்வழி அனுப்பிச் சுருக்கிச் சேமிக்கும் ஒற்றை வரியே பல இடங்களில் பேக்கப் ஸ்கிரிப்டாக இருக்கிறது. குழாயின் முதல் முனையில் டேட்டாபேஸ் கட்டளை பாஸ்வேர்டு தவறி விழுந்துவிட்டாலும், கடைசி முனையிலிருக்கும் ஜிஜிப் தனக்கு வந்த வெறுமையைப் பதமாகச் சுருக்கி வைத்துவிட்டு வெற்றி என்று சொல்லும். ஷெல்லோ கடைசிக் கட்டளையின் விடையையே முழு வரியின் விடையாகக் கொள்ளும். பைப்ஃபெயில் என்ற ஏற்பாட்டை முன்கூட்டியே எழுதிவைக்காதவரை, சிஸ்டம்டியின் கணக்கிலும் அது வெற்றிதான். தினமும் ஒரு கோப்பு பிறக்கும். அதனுள் சரக்கு இராது.

இது கற்பனைப் பயமன்று. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில், தவறான சர்வரில் டேட்டாபேஸ் கோப்புறையை ஒருவர் அழித்துவிட, பேக்கப்பைத் தேடிப் போனவர்கள் அது இருக்கவேண்டிய இடம் காலியாகக் கிடக்கக் கண்டனர். டேட்டாபேஸ் ஒரு பதிப்பிலும் பேக்கப் எடுக்கும் கருவி அதற்கு முந்திய பதிப்பிலும் இருந்ததால் அந்த வேலை முறிந்துகொண்டே வந்திருக்கிறது. முறிந்த செய்தியைத் தாங்கிச் சென்ற கிரான் மின்னஞ்சல்களோ, அனுப்புநரைச் சரிபார்க்கும் டிமார்க் சோதனையில் தேறாமல் பெறுநரின் வாசலிலேயே நிராகரிக்கப்பெற்றிருக்கின்றன. வேறொரு காரணத்துக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்திருந்த ஒரு பிரதியே அவர்களைக் காப்பாற்றியது. அந்த நிறுவனம் நடந்ததை ஒளியாமல் உலகறிய எழுதி வைத்தது பாராட்டத்தக்கது. அதிலிருந்து நாம் கற்கவேண்டியது, பிழையை அறிவிக்கும் ஏற்பாடும் பிழைபடும் என்பதே.

அப்படியானால் டெர்மினலை விட்டுவிட்டு, நாகியோஸ், பிரோமிதியஸ் முதலான கண்காணிப்பு மென்பொருள்களை நம்பலாமே என்று கேட்கலாம். நூறு சர்வர்களை ஒருவர் தினமும் ஒவ்வொன்றாக லாகின் செய்து விசாரிக்க முடியாது என்பது உண்மை. எண்ணிக்கை பெருகும்போது அத்தகைய ஏற்பாடு தவிர்க்கவொண்ணாதது. ஆனால் புரொசஸ் உயிரோடிருக்கிறதா என்ற அதே கேள்வியை வர்ணம் பூசிய திரையில் கேட்டாலும், அதே அரைகுறை விடைதான் கிடைக்கும். குறை திரையில் இல்லை, கேள்வியில் இருக்கிறது.

நம் தருக்க நூலார் அறிவுக்கு வழிகளாகக் காட்சி, கருதல், உரை என்று மூன்று அளவைகளை வகுத்தனர். அந்த வகுப்பை இங்கே பொருத்திப் பார்த்தால் மயக்கம் தெளியும். சர்வீஸ் ஸ்டேட்டஸ் என்பது உரை: நம்பத்தக்க ஒருவர் சொன்ன சொல், அவர் தாம் அறிந்ததை மட்டுமே சொல்ல வல்லவர். லாகைப் படித்து, இந்த நேரத்தில் இது தொடங்கி இந்த நேரத்தில் முடிந்தது, வழக்கமாக இருபது நிமிஷம் பிடிக்கும் வேலை இன்று இரண்டே விநாடியில் முடிந்ததென்றால் எங்கோ கோளாறு என்று ஊகிப்பது கருதல். எடுத்த பேக்கப்பை வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்து, நேற்றைய கணக்கு அதனுள் இருப்பதைக் கண்ணால் காண்பதே காட்சி. முதலாவது எளிது, தினமும் செய்யலாம். மூன்றாவது சிரமம், மாதம் ஒருமுறையாவது செய்தாகவேண்டும். எளியதைத் தினமும் செய்வதால் சிரமமானதைச் செய்த திருப்தி மனத்தில் படிந்துவிடுவதுதான் இவ்வழக்கத்தின் பெருந்தீமை.

ஆகவே, டெர்மினல் விசாரணையைக் கைவிடவேண்டுவதில்லை. அதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளாமல், விசாரணையின் முதற் கேள்வியாக வைத்துக்கொள்ள வேண்டும். வேலைகளை எழுதும்போதே, முடிந்தவுடன் வெளியிலுள்ள ஓரிடத்துக்குச் செய்தி அனுப்பும்படியும், அச்செய்தி உரிய நேரத்தில் வராமற்போனால் அந்த இடமே மணியடிக்கும்படியும் அமைத்துவிட்டால், மௌனமும் ஒரு சாட்சியாகிவிடும். இறந்துபோன சர்வர் தன் மரணத்தைத் தானே அறிவிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டியிராது. புதிதாக லினக்ஸ் கற்பிப்பவர்கள், நிலையறியும் கட்டளைகளைச் சொல்லிக்கொடுக்கும் அன்றைக்கே, பச்சைப் புள்ளியோடு ஓடும் சர்வீஸ் ஒன்றை வேண்டுமென்றே பயனற்றதாக்கி மாணவர்முன் வைத்து, கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கச் சொல்வார்களானால், கட்டளையின் பலமும் அதன் எல்லையும் ஒரே பாடத்தில் மனத்தில் பதியும்.