பென்சிலில் எழும் எண்

கொல்லிமலை அடிவாரத்துப் பேளுக்குறிச்சியிலிருந்து நாமக்கல் பக்கம் இறங்கினால், லாரி பாடி கட்டும் பட்டறைகளின் சுத்தியல் சத்தம் வரவேற்கும். இரும்போடு பழகிய வட்டாரம். இங்கே ஒரு பழைய புல்லட்டுக்கு ஒரு வண்டியின் டேங்க், இன்னொன்றின் மட்கார்டு என்று சேர்த்து உயிர் கொடுத்துவிடலாம். ஆர்.சி. புத்தகம் தொலைந்திருந்தால் வண்டிக்காகப் பேச மிஞ்சுவது சேஸிஸ் நம்பர்தான்.

அதைப் பென்சில் பிரிண்ட் எடுப்பது அழகான வேலை. ஹேண்டில்பார் திரும்பும் கழுத்துக் குழாயில் படிந்த பெயின்ட்டைத் தின்னர் நனைத்த துணியால் பொறுமையாகக் கரைக்க வேண்டும். உப்புத்தாள் போட்டு அவசரமாகத் தேய்த்தால் எண்ணே மழுங்கிவிடும். பிறகு மெல்லிய தாளை இழுத்து ஒட்டி, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து, அழுத்தாமல் ஒரே சீராகத் தேய்க்கிறார்கள். வழவழப்பான இடத்தில் சன்னமாக உரசும் பென்சில், பள்ளத்தின் விளிம்பில் கரகரக்கும். கரிய பரப்பில் வெள்ளையாக ஒவ்வொரு இலக்கமும் எழுந்துவரும். கையால் பஞ்ச் அடித்த காலத்து எண்கள். ஒன்று சற்றுச் சாய்ந்திருக்கும், ஒன்று ஆழமாக இறங்கியிருக்கும். யாராவது அரைத்துவிட்டு மறுபடி அடித்திருந்தால், அந்தக் கீறல்களையும் தாள் மறைக்காது.

ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கென்று 2021-இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். செல்லுபடி 10 ஆண்டு. சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது என்பது நிபந்தனை. அதனால்தான் நல்ல மெக்கானிக்குகள் டேங்க், மட்கார்டு போன்றவற்றை மாற்றினாலும் அந்தக் கழுத்துக் குழாயின் பக்கம் வெல்டிங்கைக் கொண்டுபோவதில்லை.