சூறையாடியது யார்?

ஒரே நகரம், ஒரே வெள்ளம், ஒரே பசி. ஏட்டிலே எழுதப்பட்ட சொற்களோ இரண்டு!

2005 ஆகஸ்டுத் திங்கள் 29ஆம் நாள், கத்ரீனா எனும் பெரும்புயல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரைத் தாக்கிற்று. வெள்ளத்தடுப்புக் கரைகள் உடைந்தன. நகரின் ஐந்தில் நான்கு பகுதி நீரில் மூழ்கிற்று. மறுநாள் வெளிவந்த இரு படங்களைக் காண்போம். ஒன்றிலே, மார்பளவு நீரில் பொருள் சுமந்து செல்கிறார் கருப்பின இளைஞர் ஒருவர். மளிகைக் கடையைச் 'சூறையாடிவிட்டு' வருகிறார் என்று குறிப்பு எழுதிற்று அசோசியேட்டட் பிரஸ். மற்றொன்றிலே, அதே மார்பளவு நீரில் வெள்ளை நிறத்தார் இருவர். கடையிலிருந்து ரொட்டியும் சோடாவும் 'கண்டெடுத்து' வருகின்றனர் என்றது ஏ.எஃப்.பி. வழி வந்த குறிப்பு.

சூறையாடுதல் குற்றம், கண்டெடுத்தல் நற்பேறு! ஒரு சொல் கைவிலங்கைத் தேடுகிறது. மறுசொல் இரக்கத்தை நாடுகிறது.

படமெடுத்தோர் கண்டதைத்தானே எழுதினர் என்பர் சிலர். இளைஞர் கடைக்குள் புகுந்து எடுத்ததைக் கண்டதாக ஒருவரும், மிதந்து வந்ததையே அவ்விருவரும் எடுத்தனர் என மற்றவரும் விளக்கம் தந்தது உண்மைதான். அவர்தம் நெஞ்சிலே நஞ்சு இருந்ததென நாம் சாற்றவில்லை. ஆயினும், கடைக்காரரும் இல்லாத, காசுக்கும் பயனில்லாத ஊரில் உணவெடுத்தவரைக் குறிக்க, 'பிழைக்க வழி தேடினார்' என்றொரு சொல் கிடைக்கவில்லையா?

சொல்லின் வேலை ஏட்டோடு முடியவில்லை. மக்கள் அடைக்கலம் புகுந்த சூப்பர்டோம் அரங்கிலே கொலையும் வன்புணர்ச்சியும் மலிந்தன என்று வதந்திகள் செய்தி வேடம் பூண்டு உலவின. அவற்றுள் பெரும்பாலானவை ஆதாரமற்றவை என்பது செப்டம்பர் இறுதியிலேதான் வெளிப்பட்டது. அதற்குள், ஆகஸ்டு 31 அன்றே, மீட்புப் பணியிலிருந்த ஏறத்தாழ 1,500 காவலர் சூறையைத் தடுக்கத் திருப்பப்பட்டனர். உயிரைக் காக்கும் கை, கடையைக் காக்கப் போயிற்று! செப்டம்பர் 4இல், டான்சிகர் பாலத்தில், படைக்கலம் ஏந்தாத கருப்பின மக்கள்மீது காவலர் சுட்டனர். இருவர் மாண்டனர், நால்வர் காயமுற்றனர். முன்னாள் காவலர் ஐவர் குற்றத்தை ஒப்புக்கொள்ள 2016 வரை ஆயிற்று. படக்குறிப்பே துப்பாக்கியை நீட்டிற்று என்று கூறோம். கருநிறம் கண்டால் கள்வன் என எண்ணும் பழக்கத்துக்கு நாள்தோறும் நீர் வார்த்தவை இத்தகைய சொற்களே என்போம்.

அமெரிக்க ஏடுகள் வெள்ளையரின் கண்கொண்டே உலகைப் பார்க்கின்றன என்று 1968இலேயே கெர்னர் குழு இடித்துரைத்தது. முப்பத்தேழு ஆண்டுகள் கழிந்தன, கண்ணாடி மாறவில்லை!

சூறை என்பது தமிழிலே சுழல்காற்றுக்கும் பெயர். நியூ ஆர்லியன்சைச் சூறையாடியது காற்று. காக்கத் தவறியது அரசு. பழி சுமந்ததோ கருநிறம்!

தோழர்களே! நாளைக் காலை ஏட்டை விரிக்கும்போது, செய்தி என்ன என்று மட்டும் கேளாதீர். எந்த வினைச்சொல் எவர்மீது ஏற்றப்பட்டிருக்கிறது என்றும் கேளுங்கள். 'கும்பல்' என்று குறிக்கப்படுவோர் யார்? 'பொதுமக்கள்' என்று போற்றப்படுவோர் யார்? ஆளை மாற்றி வைத்து அதே வரியைப் படித்துப் பாருங்கள். எங்கே சொல் நெருடுகிறதோ, அங்கேதான் ஓரவஞ்சனை ஒளிந்திருக்கிறது.