அயல்நாடுகளும் பொது நீதிமன்றமும்: கரிபியன் அனுபவம் பற்றிய சில சிந்தனைகள்

அயல்நாடுகள் சில ஒரே நியாயாதிக்கத்தின் கீழ் வருவதை விளக்க முற்படுவோர் பெரும்பாலும் இரு கருத்துக்களுள் ஒன்றைச் சார்ந்து நிற்பர். மொழியாலும் பண்பாட்டாலும் ஒன்றுபட்ட நாடுகள் இயல்பாகவே பொதுவான நீதிமன்றமொன்றை நாடும் என்பது ஒன்று. அரசாங்கங்கள் உடன்படிக்கை செய்துகொண்டால் அத்தகைய நீதிமன்றம் நிலைபெற்றுவிடும் என்பது மற்றையது. முன்னையதைப் பண்பாட்டு வாதம் என்றும் பின்னையதை வெறும் சட்டவாதம் என்றும் கூறலாம். தம்மீது தீர்ப்புக் கூறும் அதிகாரத்தை மக்கள் யாரிடம் நம்பி ஒப்படைப்பர் என்னும் அடிப்படை வினாவை இவ்விரண்டுமே தவிர்த்துச் செல்கின்றன. ஆங்கிலம் வழங்கும் கரிபியன் நாடுகளின் அனுபவம் இவ்வினாவை ஆராய்வதற்கு மிகவும் பொருத்தமானது.

இந்நாடுகளின் பொது நியாயாதிக்கம் குடியேற்ற ஆட்சியின் வழியே வந்தது என்பது முதலில் மனங்கொள்ளத்தக்கது. 1958இல் அமைக்கப்பட்ட மேற்கிந்தியக் கூட்டாட்சி, 1961இல் யமேக்க மக்கள் வாக்கெடுப்பின் மூலம் விலக முடிவு செய்ததைத் தொடர்ந்து, 1962இல் கலைந்தது. அதனுடன் கூட்டாட்சியின் நீதிமன்றமும் மறைந்தது. ஆயினும், அரசியலில் ஒன்றுபட்டிருக்க இயலாத சிறு தீவுகள் நீதித்துறையில் பிரிந்து வாழவும் இயலாதிருந்தன. 1967இல் அவற்றுக்கென நிறுவப்பட்ட உயர் நீதிமன்றமே இன்று கிழக்குக் கரிபியன் உயர் நீதிமன்றமாக விளங்குகின்றது. சுதந்திர நாடுகள் ஆறும் பிரித்தானிய ஆள்புலங்கள் மூன்றும் அதன் நியாயாதிக்கத்துள் அடங்கும். அதன் மேன்முறையீட்டு நீதியரசர்கள் தீவுக்குத் தீவு சென்று வழக்குகளை விசாரிக்கின்றனர்.

இதற்குப் பொருளாதாரக் காரணம் வெளிப்படையானது. சில பத்தாயிரம் மக்களே வாழும் தீவொன்று முழுமையான நீதித்துறையைத் தனித்துப் பேணுதல் அரிது. இதனினும் ஆழமான காரணம் சமூகம் சார்ந்தது. ஒருவரையொருவர் அறிந்து வாழும் சிற்றூர்த் தன்மை வாய்ந்த சமூகத்தில், அயற்றீவிலிருந்து வரும் நீதியரசர் உள்ளூர்ப் பகையும் உறவும் அற்றவராகத் தோற்றுகின்றார். 1979ஆம் ஆண்டுப் புரட்சியின் பின்னர் இந்நீதிமன்றத்திலிருந்து விலகித் தனக்கெனத் தனி நீதிமன்றம் அமைத்த கிறெனடா, 1991இல் மீண்டும் அதனுடன் இணைந்தமை கருதற்பாலது.

இனி, குடியேற்ற ஆட்சியின் வழிவராது, சுதந்திர நாடுகள் தாமே தெரிந்துகொண்ட நீதிமன்றத்தை நோக்குவோம். கரிபியன் நீதிமன்றத்தை நிறுவும் உடன்படிக்கை 2001இல் கைச்சாத்திடப்பட்டது. திரினிடாட்டின் தலைநகரான போர்ட் ஒவ் ஸ்பெயினில் 2005 ஏப்ரலில் நீதிமன்றம் தொடக்கிவைக்கப்பட்டது. அதற்கு இருவகை நியாயாதிக்கம் உண்டு. பொதுச் சந்தையை அமைத்த சகுவராமாஸ் உடன்படிக்கைக்குப் பொருள்கோடல் செய்வது முதனிலை நியாயாதிக்கம். இலண்டனிலுள்ள கோமறைக் கழகத்தின் இடத்தைப் பெற்று, இறுதி மேன்முறையீடுகளைக் கேட்பது மற்றையது. முன்னையதைப் பொதுச் சந்தையின் உறுப்பு நாடுகள் யாவும் ஏற்றன. பின்னையதை 2005இல் பாபடோசும் கயானாவும், 2010இல் பெலீசும், 2015இல் டொமினிக்காவும், 2023இல் சென்ற் லூசியாவும் ஏற்றுள்ளன. நீதிமன்றத்துக்கு இடமளித்த திரினிடாட்டே தன் இறுதி மேன்முறையீடுகளை இன்னும் இலண்டனுக்கு அனுப்புகின்றது.

இவ்வேறுபாடு தற்செயலானதன்று. சந்தைக்குப் பொதுவான நடுவர் வேண்டும் என்பதில் ஆளும் வர்க்கங்களிடையே கருத்து வேற்றுமை இருக்கவில்லை; வணிகத்தின் தேவை அங்கே உடன்பாட்டைத் தோற்றுவித்தது. குடிமகனின் உயிர், உரிமை ஆகியன பற்றித் தீர்ப்பளிக்கும் நீதிமன்றத்துக்கோ மக்களின் நம்பிக்கை தேவைப்பட்டது. அந்நம்பிக்கையை உடன்படிக்கையால் உண்டாக்க இயலவில்லை. 2018 நவம்பரில் அன்ரிகுவாவிலும் கிறெனடாவிலும் ஒரே நாளில் நடைபெற்ற சர்வசன வாக்கெடுப்புக்கள் இரண்டிலும் இம்மாற்றம் தோல்வியுற்றது.

நீதிமன்றத்தை அமைத்தோர் இச்சிக்கலை உணராதவரல்லர். நீதியரசர்களை அரசாங்கங்கள் நேரே நியமிப்பதைத் தவிர்த்து, அப்பொறுப்பைப் பிரதேச நீதிச் சேவை ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தனர். செலவுக்காக ஆண்டுதோறும் அமைச்சர்களிடம் கையேந்தும் நிலை ஏற்படாதிருக்க, கரிபியன் அபிவிருத்தி வங்கியின் வாயிலாக 10 கோடி அமெரிக்க டொலர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியமும் ஏற்படுத்தப்பட்டது. நீதித்துறையின் சுதந்திரத்துக்கு இது சிறந்ததொரு பாதுகாப்பாகும். இருப்பினும் ஐயம் நீங்கவில்லை. யமேக்க நாடாளுமன்றம் சாதாரண சட்டங்களால் புதிய நீதிமன்றத்தை இறுதி நீதிமன்றமாக்க முயன்றபோது, உள்நாட்டு உயர் நீதிபதிகளுக்கு அரசியலமைப்பு வழங்கிய வலுவான பாதுகாப்பு இதற்கு அளிக்கப்படவில்லை எனக் கூறி, 2005 பெப்ரவரியில் அச்சட்டங்களைக் கோமறைக் கழகம் செல்லாதனவாக்கியது. தன் இடத்தைப் பெறவிருந்த நீதிமன்றத்தைப் பற்றிக் கழகமே தீர்ப்புக் கூறியது ஒரு வரலாற்று முரண். ஆயினும் அத்தீர்ப்பின் நியாயத்தை எளிதில் ஒதுக்க முடியாது.

ஐயத்துக்கு மற்றொரு காரணமும் உண்டு. மரணதண்டனை விதிக்கப்பட்டவரை ஐந்தாண்டுகளுக்கு மேல் காத்திருக்கச் செய்து தூக்கிலிடுவது மனிதத்தன்மையற்ற செயலாகக் கருதப்படும் என, 1993இல் யமேக்க வழக்கொன்றில் கோமறைக் கழகம் தீர்ப்பளித்தது. அதன்பின் பொது நீதிமன்றக் கோரிக்கை சில அரசியல்வாதிகளின் வாயில் வேகம் பெற்றமையால், இது தூக்குமேடைக்காக அமைக்கப்படும் நீதிமன்றம் என எதிர்ப்பாளர் குறைகூறினர். தேசிய விடுதலையின் மொழியில் முன்வைக்கப்படும் கோரிக்கை, ஆட்சியாளரின் வசதியை மறைக்கும் திரையாகவும் அமையக்கூடும் என்பதே அக்குறைகூறலின் உட்பொருள்.

இவ்விடத்தில் இலங்கை வாசகர் தமது வரலாற்றை நினைவுகூர்வர். கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீட்டை 1971ஆம் ஆண்டின் மேன்முறையீட்டு நீதிமன்றச் சட்டம் முடிவுறுத்தியது. அதற்குச் சற்று முன்னர், 1969இல், கோடீஸ்வரன் வழக்கில், அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசின்மீது வழக்கிடலாம் எனக் கழகம் தீர்ப்பளித்து, அரசகரும மொழிச் சட்டம் அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானதா என்ற வினாவை இலங்கை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. அவ்வினா விடைபெறவில்லை, 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பில் அப்பிரிவே இடம்பெறவில்லை. இதனைக் கொண்டு தொலைதூர நீதிமன்றமே சிறுபான்மையோரின் காவலன் என முடிவு செய்தலும் பொருந்தாது. மலையகத் தமிழரின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்த சட்டங்கள் செல்லுபடியாகும் என 1953இல் தீர்ப்பளித்ததும் அதே கழகமே. தூரம் சார்பின்மையைத் தரலாம், வாழ்வறிவைத் தருவதில்லை.

கரிபியன் நீதிமன்றத்தின் சிறப்பு இங்கேதான் புலப்படுகின்றது. தூக்குமேடை நீதிமன்றம் என இகழப்பட்ட அது, 2006இல் பாபடோஸ் மரணதண்டனைக் கைதிகள் இருவரின் தண்டனைக் குறைப்பை உறுதிசெய்தது. 2018இல் அந்நாட்டின் கட்டாய மரணதண்டனையை அரசியலமைப்புக்கு முரணானதென அறிவித்தது. ஆண்கள் பெண்ணுடையும் பெண்கள் ஆணுடையும் அணிவதைத் தண்டித்த, 1893ஆம் ஆண்டிலிருந்து வந்த கயானாச் சட்டவிதியை அதே ஆண்டில் செல்லாததாக்கியது. 2011இல் பாபடோஸ் விமானநிலையத்தில் இழிவுபடுத்தப்பட்டுத் திருப்பியனுப்பப்பட்ட யமேக்கப் பெண்ணொருவர் தொடுத்த வழக்கில், நீதிமன்றம் இரு நாடுகளிலும் அமர்ந்து சாட்சியங் கேட்டது. 2013இல் அவருக்கு 75,000 பாபடோஸ் டொலருக்கு மேல் இழப்பீடு வழங்குமாறு பணித்ததுடன், சமூகத்தின் உறுப்பு நாட்டவர் பிறிதோர் உறுப்பு நாட்டுட் சென்று, பொதுவாக ஆறு மாதம் வரை தங்கும் உரிமையுடையர் என்றும் வரையறுத்தது. வணிகத்துக்காகத் திறக்கப்பட்ட முதனிலை நியாயாதிக்கத்தின் வாயிலாகச் சாதாரணப் பெண்ணொருத்தி நுழைந்து ஓர் அரசைப் பதிலளிக்க வைத்தாள் என்பதே இதன் முக்கியத்துவம்.

ஆகவே, பொது நியாயாதிக்கம் பண்பாட்டு ஒருமையின் இயல்பான கனியுமன்று. கைச்சாத்துக்களின் விளைவு மட்டுமன்று. தம் குடிமக்கள் தொடுக்கும் வழக்கில் அயலவர் அளிக்கும் தீர்ப்புக்கு அரசுகள் தலைவணங்குவதிலேயே அது உயிர் பெறுகின்றது. அத்தகைய தீர்ப்புக்கள் பெருகப் பெருக, இலண்டனை நோக்கும் கண்கள் அயலை நோக்கத் திரும்பக்கூடும். ஒரு நீதிமன்றம் நமதா என்பதை அது அமைந்துள்ள இடம் முடிவு செய்வதில்லை. வலியோர்க்கு எதிராக எளியோர் அதன் வாயிலை அணுக முடிகின்றதா என்பதே முடிவு செய்கின்றது.