பேனலில் நுழையும் பாடபேதம்

பல பிசிபி வடிவமைப்புகளை ஒரே பேனலில் சேர்க்கும் கருவிகளை எடைபோடுபவர்கள் பெரும்பாலும் பரப்பளவிலேயே நின்றுவிடுகிறார்கள். எவ்வளவு இடம் மிச்சம், எவ்வளவு பணம் மிச்சம் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இந்த அளவுகோல் போதாது. பேனல் ஒரு தொகைநூல் போன்றது. தொகுத்தவர் எத்தனை பாட்டை எத்தனை பக்கத்தில் அடக்கினார் என்பது அச்சகத்தின் கணக்கு. மூலபாடத்தைச் சிதைக்காமல் தந்தாரா என்பதே வாசகரின் கேள்வி. தனியே வரைந்தபோது ஒரு பலகை என்னவாக இருந்ததோ, பேனலுக்குள் போன பிறகும் அதுவாகவே இருக்கிறதா? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு மூன்று வழிமுறைகளைப் பார்க்கலாம்.

முதல் வழி, தொழிற்சாலைக்கு அனுப்பும் கெர்பர் கோப்புகளையே ஒட்டுவது. ரக்கட் சர்க்யூட்ஸ் வெளியிட்ட கெர்ப்மெர்ஜ் இதன் நல்ல மாதிரி. ஒட்டுவது கேட்பதற்கு எளிது, செய்வதற்கு எளிதல்ல. கெர்பரில் ஒவ்வொரு கோப்புக்கும் தனி அபர்ச்சர் பட்டியல், அதாவது வரையும் வடிவங்களின் பட்டியல், உண்டு. எண்கள் டி10-இல் தொடங்கும். ஒரு பலகையின் டி10 மெல்லிய வட்டம் என்றால், பக்கத்துப் பலகையின் டி10 செவ்வகமாக இருக்கலாம். பட்டியல்களை ஒன்றாக்கி, எண்களை மாற்றி, பலகையைத் திருப்பி வைத்தால் செவ்வகத்தையும் திருப்பி எழுத வேண்டும். இந்தக் குமாஸ்தா வேலையை கெர்ப்மெர்ஜ் ஒழுங்காகச் செய்கிறது. இடம் ஒதுக்குவதிலும் அதன் அணுகுமுறை நேர்மையானது. ஐந்து பலகைகளை, ஒவ்வொன்றையும் இரண்டு திசைகளில் வைக்கலாம் என்று கொண்டால், வரிசைகள் மட்டுமே 3,840. எட்டு என்றால் ஒரு கோடியைத் தாண்டிவிடும். ஆகவே பலகைகள் குறைவாக இருக்கும்போது எல்லாவற்றையும் தேடவும், கூடும்போது குருட்டாம்போக்கில் தேடிக் கிடைத்ததில் நல்லதை வைத்துக்கொள்ளவும் அது வழி தருகிறது. போதும் என்று தோன்றும்போது நாமே நிறுத்தலாம். மிகச் சிறந்த விடை இதுதான் என்று அது பொய் சொல்வதில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. கெர்பர் அடிப்படையில் ஒரு படம். எந்தக் கோடு எந்த நெட்டை, அதாவது எந்த மின் இணைப்பை, சேர்ந்தது என்பது அந்தப் படத்தில் இல்லை. கெர்பர் வடிவத்தைப் பராமரிக்கும் யூகாம்கோ 2014-இல் கொண்டுவந்த எக்ஸ்2 நீட்டிப்பு இந்தக் குறையைத் தீர்க்கத் தொடங்கியது என்றாலும், கெர்ப்மெர்ஜ் அதற்கு முந்தைய தலைமுறை. பொருள் தெரியாமல் எழுத்தை மட்டும் பார்த்துப் படியெடுப்பவருக்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை. கை சுத்தமாக இருந்தாலும், தவறு நேர்ந்தால் அது தவறென்று அவருக்குத் தெரியாது. துளைகளில் ஆபத்து கூடுதல். நெருங்கிய அளவுள்ள துளைகளை ஒரே டிரில்லில் சேர்த்துக்கொள்ளும் வசதியை இது தருகிறது. கருவிகள் குறையும் என்பது உண்மைதான். ஆனால் அழுத்திப் பொருத்தும் கனெக்டரின் துளை நூலிழை பெரிதானாலும் பிடிப்புப் போய்விடும். இதில் ஒருமுறை சூடுபட்டவன் என்பதால், அந்த வசதியை நான் பூஜ்ஜியத்தில்தான் வைப்பேன். தவிர, இது எழுதப்பட்ட பைத்தான் 2-க்கு 2020 ஜனவரி 1-உடன் ஆதரவு முடிந்துவிட்டது.

இரண்டாம் வழி, வடிவமைப்புக் கோப்பிலேயே சேர்ப்பது. கைகேட் மென்பொருளில் பிசிபி எடிட்டரைத் தனியாகத் திறந்தால் இன்னொரு பலகையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைக்கலாம். இங்கே படத்தோடு பொருளும் வருகிறது. வரும் வழியில் பொருள் குழம்பியும்விடுகிறது. இரண்டு பலகைகளிலும் ஜிஎன்டி இருந்தால், பேனலில் அவை ஒரே நெட்டாகிவிடுகின்றன. இடையில் வெட்டுக்கோடு போகிறது என்பது மென்பொருளுக்குத் தெரியாது. இரண்டையும் இணைக்கவில்லையே என்று விதிச் சோதனையான டிஆர்சி புலம்பும். அந்தப் பொய்ப் புகார்களின் கும்பலில் உண்மையான விடுபட்ட இணைப்பு ஒன்று ஒளிந்துகொண்டால் கண்டுபிடிப்பது கடினம். இதைவிடப் பெரியது விதிகளின் சிக்கல். மின்வாரிய மின்சாரம் ஓடும் பலகைக்கு நெட் வகுப்பின் மூலம் அகலமான இடைவெளி விதித்திருப்போம். அதை, சிறிய இடைவெளியே விதியான இன்னொரு கோப்புக்குள் கொண்டுவந்து செம்புப் பரப்பை மறுபடி நிரப்பினால், வீட்டுக்காரரின் சட்டம் விருந்தாளிக்கும் பொருந்திவிடலாம். செம்பு நெருங்கி வரும், யாரும் ஒரு கோட்டைக்கூட நகர்த்தியிருக்கமாட்டார்கள். பாடபேதங்களில் மிக மோசமானது இந்த வகை.

கைகேடுக்காக யான் ம்ராசெக் எழுதிய கிகிட் இந்தக் குழப்பத்தை அதன் மூலத்தில் பிடிக்கிறது. ஒவ்வொரு பலகையின் நெட் பெயருக்கும் அந்தப் பலகையின் எண்ணை முன்னொட்டாகச் சேர்க்கிறது. ஆர்1, சி1 போன்ற உறுப்புப் பெயர்களையோ அப்படியே விட்டுவிடுகிறது. முதலாவது கணினிக்கு, இரண்டாவது பலகையைக் கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு. எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று பிரித்தறிந்த இந்த ஒரு முடிவுக்காகவே அதை உயர்வாக மதிப்பேன். நாம் கேட்டாலொழிய செம்புப் பரப்பை அது மறுபடி நிரப்புவதுமில்லை. பலகைகளைப் பிணைக்கும் டேப்களும், அவற்றை ஒடிக்க உதவும் மவுஸ் பைட் துளைகளும், வி-கட் வெட்டுக்கோடுகளும் அமைப்புக் கோப்பில் எழுத்தாக இருப்பதால், ஆறு மாதம் கழித்தும் அதே பேனலை அப்படியே எடுக்கலாம்.

ஆனால் பல வடிவமைப்புகளைச் சேர்ப்பதில்தான் அது கைவிரிக்கிறது. கட்டளை வரியில் கிகிட் ஒரே வடிவமைப்பைக் கட்டம் கட்டமாக அடுக்கும். வெவ்வேறு வடிவமைப்புகள் வேண்டுமென்றால் பைத்தானில் நாமே எழுத வேண்டும். எந்தப் பலகை எங்கே என்ற ஆயத்தொலைவும் நம் பொறுப்பு. கெர்ப்மெர்ஜிடம் இருந்த தேடல் இங்கே இல்லை. இடத்தை மிச்சப்படுத்தத் தெரிந்ததற்குப் பொருள் தெரியவில்லை. பொருள் தெரிந்தது, இடத்தை நம்மிடம் விட்டுவிட்டது.

அல்டியம் மென்பொருளின் வழி மூன்றாவது. பேனலுக்குள் பலகையைப் படியெடுக்காமல் மூலக் கோப்பைச் சுட்டி மட்டும் நிற்கிறது. மூலம் திருந்தினால் பேனலும் திருந்தும். வெவ்வேறு பலகைகளைச் சேர்க்கலாம். அடுக்கு அமைப்பு ஒத்துப்போக வேண்டும். கோட்பாட்டளவில் மூன்றிலும் இதுவே ஒழுங்கானது. விலையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அதன் நிறையே குறையாகும் இடமும் உண்டு: உற்பத்திக்கு அனுப்பிய பிறகு யாரோ மூலத்தைத் திறந்து ஒரு வயாவை நகர்த்தினால், ஆவணமாக வைத்திருக்கும் பேனலும் நகர்ந்துவிடுகிறது.

மென்பொருள் பிழையற்றதாகவே இருந்தாலும் கலவைப் பேனலின் குறைகள் சில தீர்வதில்லை. வி-கட் பொதுவாகப் பேனலின் ஓரத்திலிருந்து ஓரம் வரை நேராக ஓடுகிறது. அளவு மாறுபட்ட பலகைகளை அடுக்கினால் ஒன்றின் எல்லைக்கோடு மற்றொன்றின் நடுவே போகும். தப்பிக்க ரௌட்டரும் டேப்பும்தான் வழி. அதற்கு இடைவெளி விட்டால் மிச்சம் பிடித்த இடத்தில் பாதி அங்கேயே போய்விடும். செம்பு அடர்ந்த பலகையும் மெலிந்த பலகையும் அருகருகே மின்முலாம் தொட்டிக்குள் போனால், தனித்து நிற்கும் கோடுகளில் முலாம் தடித்துவிடும். தேர்ச்சிக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. ஒவ்வொரு பலகையும் நூற்றுக்கு 95 தேறும் என்று வைத்துக்கொண்டால், ஆறு பலகைப் பேனல் ஒன்று முழுதாகத் தேறும் வாய்ப்பு ஏறத்தாழ 73.5 விழுக்காடு. ஒரே வடிவமைப்பு என்றால் கெட்டதைக் கழித்துவிட்டு எண்ணிக்கையை ஈடுகட்டலாம். கலவையில் ஒரு வகை குறைந்தால், அந்த ஒன்றுக்காக மற்ற ஐந்தையும் சேர்த்து மறுபடி அச்சடிக்க வேண்டும்.

செலவைப் பங்கிடும் யோசனை புதிதல்ல. சிலிக்கான் வில்லைகளில் 1981-இலிருந்து மோசிஸ் என்ற சேவை செய்துவந்தது இதைத்தான். பிசிபியில் ஓஎஸ்எச் பார்க் என்ற சேவை அதே வேலையைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, வடிவமைத்தவருக்கு அவர் பலகையை மட்டும் வெட்டித் தருகிறது. இரண்டிலும் பங்கிடும் பொறுப்பு நடுவில் நிற்பவருடையது. நாமே பேனல் கட்டும்போது அந்தப் பொறுப்பு நம் தலையில் விழுகிறது. ஒரு கோப்பில் பல வடிவமைப்புகள் இருந்தால் தனிக் கட்டணம் கேட்கும் தொழிற்சாலைகளும் உண்டு என்பதால், மிச்சம் என்று நாம் போட்ட கணக்கு பல சமயம் நிற்பதில்லை.

என் முடிவு இது. முன்மாதிரிகளுக்குக் கலவைப் பேனல் தகும். கருவி கிகிட், ஸ்கிரிப்ட் எழுதும் பொறுமையோடு. கெர்பர் மட்டுமே கையில் இருக்கிறது, வடிவமைப்புக் கோப்பு தொலைந்துவிட்டது என்ற நிலையில் மட்டும் கெர்ப்மெர்ஜ். உற்பத்திக்கு ஒரு பேனலில் ஒரு வடிவமைப்பு. எந்த வழியில் போனாலும், ஆர்டர் கொடுப்பதற்கு முன் பேனலின் கெர்பரையும் தனிப் பலகையின் கெர்பரையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து எக்ஸார் முறையில் ஒப்புநோக்குங்கள். ஒத்த இடமெல்லாம் மறைந்து, மாறிய இடம் மட்டும் திரையில் நிற்கும். அதைச் செய்யும் கெர்ப்வி இலவசமாகவே கிடைக்கிறது.