லூக்கியிடம் யாரும் கேட்கவில்லை

ஜான் ஃபோர்டின் ‘தி ஹார்ஸ் சோல்ஜர்ஸ்’ (1959) படத்தை முதன்முறை பார்த்தபோது ஹன்னா மட்டுமே என் கண்ணில் பட்டாள். 1863, அமெரிக்க உள்நாட்டுப் போர். மிஸ்ஸிஸிப்பியில் அவளது தோட்ட மாளிகையில் வடக்குப் படை தங்குகிறது. அதிகாரிகளின் திட்டத்தை ஹன்னாவும் அவள் அடிமையாக வைத்திருக்கும் லூக்கியும் ஒட்டுக்கேட்கிறார்கள். ரகசியம் வெளியே போய்விடக்கூடாதென்று படை இருவரையும் தன்னோடு கொண்டுபோகிறது. பகையோடு புறப்படும் ஹன்னாவின் மனம் மெல்ல கர்னல் மார்லோவின் (ஜான் வேய்ன்) பக்கம் சாய்கிறது. சொந்த மண்ணா, எதிரிமேல் வந்த காதலா? இந்தத் தவிப்பைப் படம் பொறுமையாகச் சொல்கிறது.

இரண்டாம் முறை லூக்கியைப் பார்த்தேன். அந்த ஜனவரியிலேயே லிங்கனின் விடுதலைப் பிரகடனம் வந்துவிட்டது. அவளை விடுவிக்கவேண்டிய படையே அவளைக் கைதியாக்குகிறது. நீ யார் பக்கம் என்று அவளிடம் யாரும் கேட்பதில்லை. எஜமானி பக்கம்தான் என்று படமே முடிவுசெய்துவிடுகிறது. வழியில் அவள் சுடப்பட்டுச் சாகிறாள். அந்தச் சாவும் ஹன்னாவின் துக்கமாகிவிடுகிறது.

லூக்கியாக நடித்தவர் ஆல்தியா கிப்சன். 1957, 1958 விம்பிள்டன் ஒற்றையர் சாம்பியன். அப்பட்டத்தை வென்ற முதல் கறுப்பினத்தவர். கறுப்பர்களை இழிவுபடுத்தும் கொச்சை வசனங்களைப் பேசமாட்டேன் என்றார். வசனம் மாறியது, கதை மாறவில்லை.

ஒரு பெண்ணின் மனப்போராட்டத்தைத் திரையில் மெச்சும்போதெல்லாம், அவள் பக்கத்தில் நிற்பவளுக்கும் மனம் உண்டென்று படம் ஒப்புக்கொள்கிறதா என்றே இப்போது பார்க்கிறேன்.