விடியலுக்குக் காத்திருக்கும் பிசாரோ: ‘தி ராயல் ஹன்ட் ஆஃப் தி சன்’ திரைப்படத்தில் நம்பிக்கையும் வரலாறும்

ஸ்பானியர் இன்காப் பேரரசை வென்றதைப் பொருளாகக் கொண்ட ஆங்கிலப் படைப்புகளுள் பீட்டர் ஷேஃபரின் ‘தி ராயல் ஹன்ட் ஆஃப் தி சன்’ தனித்துக் குறிப்பிடத்தக்கது. 1964இல் இங்கிலாந்தின் சிசெஸ்டர் நாடக விழாவில் அரங்கேறிய இந்நாடகத்தை, பிலிப் யோர்டனின் திரைக்கதையைக் கொண்டு இர்விங் லெர்னர் 1969இல் திரைப்படமாக இயக்கினார். பிசாரோவாக ராபர்ட் ஷாவும் இன்கா அரசன் அத்தவால்பாவாகக் கிறிஸ்டோபர் பிளம்மரும் நடித்தனர். 1965இல் நியூயார்க் மேடையில் பிசாரோவாக நடித்தவர் இதே பிளம்மர்தாம். வென்றவனையும் வெல்லப்பட்டவனையும் ஒருவருக்கொருவர் ஆடியாகவே இப்படைப்பு புனைந்துள்ளது என்பதற்கு இது தற்செயலானதொரு சான்று.

1532 நவம்பர் 16 அன்று, காஹமார்க்கா நகரில், 168 ஸ்பானியர் அத்தவால்பாவைச் சிறைப்பிடித்தனர். ஓர் அறையைப் பொன்னால் ஒருமுறையும் வெள்ளியால் இருமுறையும் நிரப்புவதாக அவன் வாக்களித்தான். மீட்புப்பொருள் வந்துசேர்ந்த பின்னரும் 1533இல் கொல்லப்பட்டான். அன்றைய படுகொலையை நாடகம் ஊமக்கூத்தாகவும், மேடை முழுதும் விரியும் செந்நிறத் துணியாகவும் காட்டியது. திரைப்படம் நிலக்காட்சியையும் குதிரைகளையும் நம்புகிறது. துணி உணர்த்திய அச்சத்தைக் குதிரைகளால் உணர்த்த இயலவில்லை. நாடகத்தில் நிகழ்வுகளை நினைவுகூரும் முதிய மார்ட்டின் திரையில் இடம்பெறாததும் இழப்பே. குற்றத்தைச் சுமந்து பேசும் குரல் அதனால் அற்றுப்போயிற்று.

இவற்றினும் முதன்மையான சிக்கல் இறுதிக்காட்சியில் உள்ளது. சூரியனின் மைந்தனாகிய தான் விடியலில் மீண்டெழுவேன் என்கிறான் அத்தவால்பா. கிறித்தவத்தில் நம்பிக்கை இழந்த பிசாரோ அதனை நம்ப விழைகிறான். உடல் எரிக்கப்படாதிருக்க வேண்டி அவனைத் திருமுழுக்குப் பெறச் செய்கிறான். கழுத்து நெரிக்கப்பட்ட உடலருகே காத்திருக்கிறான். கதிரவன் எழுகிறான்; அரசன் எழவில்லை.

திருமுழுக்கும் கழுத்து நெரிப்பும் வரலாற்று உண்மைகள். ஆனால் உடல் எரிவதை இன்கா மரபு அஞ்சியதற்குக் காரணம் வேறு. இறந்த அரசரின் பதப்படுத்தப்பட்ட உடல் அங்கு பிணமாகக் கருதப்படவில்லை. அது தன் நிலங்களுக்கும் பணியாளர்க்கும் தொடர்ந்து உரிமை பூண்டிருந்தது. விழாக்களில் வெளியே கொணரப்பட்டது. அதற்கு உணவும் மதுவும் படைக்கப்பட்டன. எரிந்த உடலுக்கு இவ்வாழ்வு இல்லை. அவ்வகையில், உடலாகவே நிலைத்திருக்கும் அரசனுக்கு உயிர்த்தெழ வேண்டிய தேவை இல்லை. இறந்து எழும் கடவுள் என்பது ஐரோப்பியரின் வினா. அதனை ஆண்டிஸ் மலைநாட்டு அரசனின் வாயில் வைத்துவிட்டு, அவன் விடைகூறாமல் இறந்ததாகப் படைப்பு துயருறுகிறது. அத்துயரம் ஷாவின் முகத்தில் உண்மையாகவே வெளிப்படுகிறது என்பதையும் மறுத்தற்கில்லை.

நூலை எறியும் நிகழ்ச்சியையும் இங்கு ஒப்புநோக்கலாம். துறவி வல்வெர்தே தந்த நூலை அத்தவால்பா காதில் வைத்துக் கேட்பதாகவும், அது பேசாமையால் எறிவதாகவும் நாடகம் அமைக்கிறது. பேசாத நூல் என்னும் கருத்து, ஆண்டிஸ் மரபினரான குவாமன் போமா 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய வரலாற்றிலும் உண்டு. எனினும் இன்கா வழியினரான தித்து குசி 1570இல் சொல்லி எழுதுவித்த வரலாறு முற்பகுதி ஒன்றைத் தருகிறது. அரசன் பொற்கிண்ணத்தில் அளித்த மதுவை ஸ்பானியர் கீழே கொட்டினர். அதன்பின்னரே அவர்கள் தந்ததை அவனும் எறிந்தான். இந்த ஒரு செய்தி சேர்ந்தவுடன் அறியாமை அவமதிப்புக்கு எதிர்வினையாக மாறிவிடுகிறது. ஷேஃபரின் பார்வை இப்பக்கம் திரும்பவில்லை.

பிசாரோ அத்தவால்பாவுக்காக அழுததைக் கண்டதாக அவனுடைய உறவினன் பெத்ரோ பிசாரோ எழுதியுள்ளான். நாடகமும் திரைப்படமும் வளர்த்தெடுக்கும் நட்புக்கு இதனை வித்தாகக் கொள்ளலாம். ஆயின் மகப்பேறற்ற தனியனாகப் புனையப்படும் பிசாரோவுக்கு, அத்தவால்பாவின் மாற்றாந்தாய் மகளான கிஸ்பே சிசாவிடம், அரசன் கொல்லப்பட்ட மறு ஆண்டே பிரான்சிஸ்கா என்னும் மகள் பிறந்தாள். இன்காக் குருதியோடு பிசாரோவின் உறவு இவ்வழியில்தான் தொடர்ந்தது. இரு ஆடவரின் ஆன்மீக உரையாடலாகக் கதையைக் குறுக்கிய படைப்பில் கிஸ்பே சிசாவுக்கு இடமில்லை.