விலையும் விழியும்

கண்ணிழந்தோர் கதை கேட்டுக் கலங்கும் நாம், கண்ணுக்கு இடும் மருந்தைத் தெரிவுசெய்வோர் யார், எப்படி என்று கேட்பதில்லை. 2023 ஏப்ரலில் நுவரெலியா வைத்தியசாலையில் கண்புரைச் சத்திரசிகிச்சை பெற்றோருட் சிலர் பார்வை இழந்தனர். இந்தியாவிலிருந்து தருவிக்கப்பட்ட பிரெட்னிசொலோன் சொட்டுமருந்தே காரணமெனச் சுகாதார அதிகாரிகள் கூறி, அதனைப் பாவனையினின்று நீக்கினர்.

‘மலிவு தந்த வினை’ என்பர் சிலர். அவ்வாதம் ஏற்கத்தக்கதன்று. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1992இல் ‘அரோலாப்’ தொழிற்கூடத்தை நிறுவி, மேனாட்டார் நூறு டொலரளவில் விற்ற கண்வில்லையைப் பத்து டொலரளவிலே தரங்குன்றாது செய்து காட்டிற்று. ஆகவே குற்றம் ஆராயாது வாங்கியதிலேயே உள்ளது.

தேவை, தரம், விலை மூன்றையும் ஒருங்கே நிறுத்த பின்னரே மருந்து வாங்கவேண்டுமென்பது, 1971இல் தோன்றிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் பேராசிரியர் சேனக பிபிலேயின் கொள்கை. ‘சுகாதாரத் தொழில்நுட்ப மதிப்பீடு’ என இன்று பெரும்பெயர் பெற்றிருப்பதன் அடிப்படையும் அதுவே.

எமது மாத்தளைத் தோட்டத்துத் தாயொருத்தி ஒருநாட் கூலியை இழந்தே கண் வைத்தியரிடம் செல்கிறாள். கொடுத்த மருந்தை இடுவாள், தெரிவு அவளுடையதன்று. தெரிவு செய்வோர் தம் தராசில் அவள் கண்ணையும் ஒரு நிறையாக வைத்தல் வேண்டும்.